சின்ன வயிறு, சின்ன விருந்து

ஒன்றரை வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் போனால், காபி ஆறுவதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடும்: "போன வருஷம் வரைக்கும் நல்லாத்தான் சாப்பிட்டான். இப்ப வாயையே திறக்க மாட்டேங்கிறான்." பக்கத்தில் பாட்டி இருந்தால், "பால்ல ரெண்டு பிஸ்கட்டாவது தோய்ச்சுக் குடு, வெறும் வயித்தோட எப்படி இருக்கும் பிள்ளை" என்பார். பிஸ்கட் வரும், பிள்ளை சாப்பிடும், எல்லாருக்கும் நிம்மதி. அன்று மதியச் சோறு மட்டும் இறங்காது. மறுநாளும் இதே கதை.

இதற்கு முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிறக்கும்போது 3 கிலோ இருந்த குழந்தை, முதல் பிறந்தநாளில் 9 கிலோவுக்குப் பக்கத்தில் நிற்கும். ஒரே வருடத்தில் மூன்று மடங்கு. அடுத்த வருடம் முழுக்க அது ஏறுவது இரண்டு, இரண்டரை கிலோதான். வளரும் வேகம் தணியும்போது பசியும் தணிகிறது. பெரும்பாலான வீடுகளில் 'அடம்' என்று பெயர் வாங்குவது இதுதான். அங்கன்வாடியில் எடை போட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்கிறார்களே, அந்தக் கோடு ஏறிக்கொண்டே போனால் கவலைப்பட ஒன்றுமில்லை. கோடு படுத்துவிட்டாலோ கீழே இறங்கினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். அதற்குப் பாட்டி வைத்தியமும் போதாது, பத்திரிகைக் கட்டுரையும் போதாது.

அடுத்தது வயிற்றின் கொள்ளளவு. குழந்தையின் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி என்று கணக்கிடுகிறார்கள். 10 கிலோ பிள்ளைக்கு 300 மில்லி, அதாவது இரண்டு காபி டம்ளர். அதில் நீர்க்கக் கரைத்த கஞ்சியையோ ரசம் சாதத்தையோ நிரப்பினால் கொஞ்ச நேரத்தில் காலி. எட்டரை மணிக்கு இட்லி சாப்பிட்டுவிட்டு ஒரு மணிச் சாப்பாடு வரைக்கும் தாக்குப்பிடிக்க நம்மால் முடியும், பிள்ளையால் முடியாது. 9 மாதத்திலிருந்து 2 வயது வரை நாளுக்கு 3 அல்லது 4 வேளைச் சாப்பாடு, கூடவே 1 அல்லது 2 தடவை இடைப் பலகாரம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது இதனால்தான்.

ஆகவே, பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் கொடுப்பதை நொறுக்குத்தீனி என்று நினைப்பதையே விட்டுவிடலாம். நொறுக்கப் பிள்ளைக்குக் கடைவாய்ப் பற்கள் இன்னும் முழுசாக வந்திருக்காது. அது இன்னொரு குட்டிச் சாப்பாடு. மதியத் தட்டில் போட்டால் சாப்பாடு என்று ஒத்துக்கொள்வீர்களா என்று ஒவ்வொரு பண்டத்தையும் கேட்டுப் பாருங்கள். வேகவைத்த நேந்திரம்பழத்துக்கு ஆம். மேரி பிஸ்கட்டுக்கு இல்லை.

பால் விஷயத்தில்தான் நம் வீடுகள் அதிகம் ஏமாறுகின்றன. "சாப்பிடாட்டி போகுது, பாலாவது குடிக்கிறானே" என்று காலையில் ஒரு டம்ளர், மதியம் ஒன்று, தூங்கும் முன் புட்டியில் ஒன்று. ஒரு வயதுக்குப் பிறகு பசும்பால் நாளுக்கு அரை லிட்டரைத் தாண்ட வேண்டாம் என்பது குழந்தை மருத்துவர்களின் பொதுவான கணக்கு. பாலில் கால்சியமும் புரதமும் தாராளம். இரும்புச் சத்து மட்டும் கிட்டத்தட்ட இல்லை. போதாததற்கு, மற்ற உணவிலிருக்கும் இரும்பு உடம்பில் சேர்வதையும் பால் தடுக்கிறது. வயிற்றை நிரப்பிவிடுவதால் சோற்றுக்கும் இடமில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 100க்கு 67 பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் 57 பேருக்கு. பட்டினி கிடக்கும் வீடுகள் மட்டும் இந்த எண்ணிக்கைக்குள் இல்லை, பாலும் பிஸ்கட்டுமாக வளர்க்கும் வீடுகளும் இருக்கின்றன.

பாலில் கலக்கும் மால்ட் பொடிகளைப் பற்றி ஒரு வரி போதும்: 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், இணைய வணிகத் தளங்கள் இந்த வகைப் பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற தலைப்பின் கீழ் விற்கக் கூடாது என்று அறிவுறுத்தியது. பழச்சாறும் இரண்டு வயது வரை வேண்டாம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். பழத்தைப் பழமாகவே கொடுத்தால் போயிற்று.

தட்டில் என்ன வைப்பது?

கேழ்வரகிலிருந்து தொடங்குகிறேன். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது, அதே அளவு பாலில் ஏறத்தாழ 120. ஆனால் தானியத்திலிருக்கும் கால்சியத்தையும் இரும்பையும் உடம்பு முழுசாக எடுத்துக்கொள்ளாது. தானியத்தின் பைட்டிக் அமிலம் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முளைகட்டினால் அந்தப் பிடி தளரும். நம் பாட்டிகள் காரணம் சொல்லாமலேயே இதைச் செய்தார்கள். கேழ்வரகைக் கழுவி, இரவு முழுக்க ஊறவைத்து, வடித்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் ஒன்றிரண்டு நாளில் முளை விடும். நிழலில் காயவைத்து, வாசம் வருமளவு லேசாக வறுத்து, அரைத்துச் சலித்தால் முளைமாவு.

முளைமாவுக்கு இன்னொரு குணமும் உண்டு. முளைக்கும்போது தானியத்துக்குள் ஊறும் நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுவதால், அதில் காய்ச்சும் கூழ் அவ்வளவாக இறுகாது. சாதா மாவு இரண்டு ஸ்பூன் போட்டால் வரும் பதத்துக்கு, முளைமாவு அதைவிடக் கூடுதலாகப் போடலாம். 300 மில்லி வயிற்றுக்குள் ஒவ்வொரு கரண்டியிலும் கூடுதல் சத்து போகிறது. அதன் மேல் அரை ஸ்பூன் நெய் விட்டால் வேலை முடிந்தது. அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவுப் பொட்டலத்தையும் அலட்சியமாக அலமாரியில் தள்ளாதீர்கள். அதைக் கஞ்சியாகத்தான் காய்ச்ச வேண்டும் என்று சட்டமில்லை. வாழைப்பழம் மசித்துப் பிசைந்து குழிப்பணியாரச் சட்டியில் ஊற்றலாம், தேங்காய்ப்பூ சேர்த்துப் பிடிகொழுக்கட்டையாக வேகவைக்கலாம்.

இரும்புச் சத்துக்கு, கேழ்வரகு அடையில் முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிப் போடுவது நல்ல வழிதான். தட்டில் பக்கத்திலேயே ஒரு சுளை ஆரஞ்சோ கொய்யா விழுதோ இருக்கட்டும். வைட்டமின் சி கூட இருந்தால் கீரையின் இரும்பு இன்னும் நன்றாகச் சேரும். அசைவ வீடுகளுக்கு வழி இன்னும் எளிது. மிளகு போட்டு வேகவைத்து மசித்த ஆட்டு ஈரல் வாரத்துக்கு ஒரு தடவை ஒரு ஸ்பூன். சோகை பிடித்த பிள்ளைக்குச் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) வாங்கிச் சமைத்துக் கொடுக்கும் பழக்கம் வெறும் நம்பிக்கை இல்லை. இவற்றோடு, 6 மாதத்திலிருந்து 5 வயது வரை வாரம் இரு முறை 1 மில்லி கொடுக்கச் சொல்லி அரசு தரும் இரும்புச் சத்து மருந்தையும் மறக்காதீர்கள். பலகாரத்தாலேயே எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட முடியாது.

முட்டையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். இந்த வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படுவதில் ஏறக்குறைய பாதி. நாலு மணிக்கு ஒரு முட்டையை அடித்து, துருவிய கேரட்டைப் போட்டுக் குட்டி ஆம்லெட்டாக விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுத்தால், பிள்ளை தானே எடுத்துச் சாப்பிடும். முட்டை சேராத வீட்டில் பாசிப்பருப்பு அந்த இடத்தை ஓரளவு நிரப்பும். ஊறவைத்து அரைத்து ஊற்றிய தோசை பஞ்சு மாதிரி வரும்.

மற்றவை உங்களுக்கே தெரியும். ஆவியில் வெந்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. தயிரில் ஊறிய அவல். பூண்டும் மிளகாயும் போடாத பொடியில் நெய் விட்டுப் புரட்டிய குட்டி இட்லி. புட்டுக்கு வாழைப்பழம். கோடையில் நுங்கு, ஆனால் வழுக்கும் என்பதால் மிகப் பொடியாக நறுக்கி. வெளியே போகும்போது பையில் வைக்க வாழைப்பழத்தை மிஞ்சியது எதுவும் இல்லை. அதன் தோலே டப்பா.

இனிப்பைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை எல்லாமே சர்க்கரைதான். கருப்பட்டியில் இரும்பு உண்டு என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் பிள்ளைக்குப் போடும் ஒரு ஸ்பூனில் வருவது சொற்பம், அதோடு வரும் சர்க்கரை ஒரு ஸ்பூன் முழுக்க. வாசத்துக்காகப் போடுங்கள், மருந்தென்று நினைத்துக் கைநிறையப் போடாதீர்கள். முடிந்தவரை இரண்டு வயது வரை இனிப்பைப் பழத்தோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. வெறும் தயிர் புளிக்கிறது என்று முகம் சுளிப்பது நாம்தான். சர்க்கரை போட்ட தயிரை அறியாத பிள்ளை அதைச் சும்மாவே சாப்பிடும்.

புதுப் பண்டத்தைத் துப்பினால்? திரும்பவும் வையுங்கள். நாலைந்து நாள் கழித்து இன்னொரு தடவை. பத்து, பதினைந்து தடவை கண்ணில் பட்ட பிறகுதான் பல பிள்ளைகள் ஒன்றை ஏற்றுக்கொள்கின்றன. இரண்டாம் தடவையிலேயே "இவனுக்குப் பிடிக்காது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் வகுத்த ஒரு பங்கீடு எனக்கு மிகவும் பிடிக்கும்: என்ன கொடுப்பது, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. கையில் கிண்ணத்தோடு தெருமுனை வரை துரத்தும் நம் ஊர் வழக்கத்துக்கு இது நேர் எதிர். செல்போனைக் காட்டி ஊட்டுவதற்கும்தான்.

தொண்டையின் அளவு

சிறு பிள்ளையின் மூச்சுக்குழாய் ஏறத்தாழ அதன் சுண்டுவிரல் பருமன்தான். பிள்ளையின் கையைப் பிடித்து அந்த விரலை ஒரு நிமிடம் பாருங்கள். முதல் கடைவாய்ப் பற்கள் 13 முதல் 19 மாதங்களுக்குள்ளும், அதற்கடுத்தவை இரண்டு, இரண்டரை வயதிலும் வருகின்றன. முன்பல்லால் கடித்து எடுக்கத் தெரியும், அரைக்கத் தெரியாது. கடித்த துண்டு அப்படியே உள்ளே போகும்.

நம் ஊரில் குழந்தைகளின் மூச்சுக்குழாயிலிருந்து மருத்துவர்கள் எடுக்கும் பண்டங்களில் முதலிடம் வேர்க்கடலைக்கு. கடலை கெட்டதென்று அர்த்தமில்லை. பொடித்தோ விழுதாக அரைத்தோ கஞ்சியில் கலந்து தாராளமாகக் கொடுக்கலாம். முழுக்கடலை, கடலை மிட்டாய், முறுக்கு, சீடை, பாப்கார்ன், முழுப் பயறாகச் சுண்டல், பச்சைக் கேரட் துண்டு ஆகியவை நாலு வயது வரை வேண்டாம். கொண்டைக்கடலையை நன்றாக வேகவைத்து விரலால் நசுக்குங்கள். திராட்சையைக் குறுக்கே வெட்டினால் உருண்டை உருண்டையாகவே இருக்கும், நீளவாக்கில் நான்காகக் கீறுங்கள். உலர்ந்த மாவு உருண்டையும் தொண்டையில் ஒட்டும், பால் விட்டுத் தளர்த்தாமல் கொடுக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை உட்கார்ந்து சாப்பிடட்டும். ஓடும்போதும் அழும்போதும் வாயில் எதுவும் இருக்கக் கூடாது.

புரையேறிப் பலமாக இருமினால் இருமவிடுங்கள், அதுவே வெளியே தள்ளிவிடும். சத்தமே வராவிட்டாலோ, இருமவே முடியாவிட்டாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ நாம் உடனே இறங்க வேண்டும். தலை தாழ இருக்கும்படி முன்பக்கம் சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. வராவிட்டால், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நெஞ்செலும்பின் மேல் இரு விரலால் ஐந்து அழுத்து. ஒரு வயதைத் தாண்டியதென்றால் பின்னாலிருந்து அணைத்து, தொப்புளுக்கு மேலே உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்து. இரண்டையும் மாறி மாறிச் செய்யும்போதே இன்னொருவர் 108ஐ அழைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துண்டைத் தேடி வாய்க்குள் விரலை விடாதீர்கள், இன்னும் உள்ளே போகும். புரையேறி எல்லாம் சரியாகிவிட்ட பிறகும் பிள்ளைக்கு இருமலோ இழுப்போ தொடர்ந்தால், சளி என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள்.

பிறந்தநாள் வருகிறது

என் தங்கை மகளின் முதல் பிறந்தநாளை ஒரு மண்டபத்தில் வைத்தார்கள். இருநூறு பேர். ஏழு மணிக்குக் கேக் வெட்டுவதாக ஏற்பாடு. ஆறரைக்கே குழந்தை தூங்கிவிட்டாள். எழுப்பி, ஜரிகை குத்தும் கவுனை மாட்டி, தலையில் கிரீடம் வைத்துக் கத்தியைப் பிடிக்க வைத்த நேரத்தில், யாரோ காகிதத்தூள் குழாயைப் படாரென்று திருகினார்கள். அப்புறம் அவள் அழுத அழுகை ஒலிபெருக்கியையும் மீறிக் கேட்டது. ஆல்பத்தில் ஒரு படத்திலும் அவள் சிரிக்கவில்லை. நாங்களெல்லாம் நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த வயதுக்குத் தேதியும் தெரியாது, வருடமும் தெரியாது. தெரிந்த முகங்கள், தெரிந்த இடம், கொஞ்ச நேரம், இவ்வளவுதான் வேண்டியிருக்கிறது. ஒரு மணி நேரம் போதும், ஒன்றரை மணி நேரம் உச்சம். காலைத் தூக்கம் முடிந்து பத்தரை மணி, அல்லது மாலைத் தூக்கம் முடிந்து ஐந்து மணி. பிள்ளையின் வயதோடு ஒன்றோ இரண்டோ கூட்டினால் வரும் எண்ணிக்கையில் மற்றக் குழந்தைகளைக் கூப்பிட்டால் தாராளம். போட்டிகள் எதுவும் வேண்டாம். இரண்டு வயதுப் பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவதில்லை, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் விளையாட்டைத்தான் விளையாடும். மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1932லேயே இதைக் கவனித்துப் பெயரும் வைத்துவிட்டார். நாற்காலி விளையாட்டு வைத்து அவற்றை அழவைப்பதில் பொருளில்லை.

என்ன விளையாட்டு என்று இணையத்தில் தேட வேண்டியதில்லை. பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகை குழந்தை வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. வழக்கமாகச் சொல்லும் மாதக் கணக்கில், சப்பாணி 9ஆம் மாதம்: இரண்டு கையையும் சேர்த்துத் தட்டுவது. 13ஆம் மாதம் வருகை: தளர்நடை போட்டு வருவது. 15இல் அம்புலி: நிலாவை விளையாட வரச்சொல்லி அழைப்பது. 17இல் சிற்றில்: மணல் வீடு. 19இல் சிறுபறை: கொட்டு. 21இல் சிறுதேர்: இழுத்துக்கொண்டு ஓடும் வண்டி. இரண்டு வயதுக்குள் பிள்ளைக்கு எதெல்லாம் பிடிக்கும் என்பதற்கு இதைவிட நல்ல பட்டியலை நான் பார்த்ததில்லை. கைதட்டிப் பாட ஒரு பாட்டு, ஒரு தாம்பாளத்தில் அள்ளி விளையாட மணலுக்குப் பதில் ரவை, ஆளுக்கொரு ஸ்டீல் கிண்ணமும் கரண்டியும் கொட்டுவதற்கு, அட்டைப் பெட்டியில் கயிறு கட்டிய தேர். கிண்ணத்தையும் கரண்டியையும் அப்படியே ரிட்டர்ன் கிஃப்ட்டாகக் கொடுத்தனுப்பிவிடலாம். மறுநாள் அந்தந்த வீட்டு அம்மாக்கள் உங்களைத் திட்டக்கூடும், அது வேறு விஷயம்.

அம்புலிப் பருவத்தை வைத்தே முழு விருந்தையும் நடத்தலாம். நிலாச்சோறு என்றால் நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு இன்னும் நாக்கில் ஏதோ ஊறும். மொட்டை மாடியில் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் பெரிய சட்டியில் பிசைந்த சோறு, பாட்டி உருட்டி ஒவ்வொரு உள்ளங்கையிலும் வைப்பார். சிறு பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. பௌர்ணமியன்று நிலா சூரியன் மறையும் நேரத்தை ஒட்டியே எழும்பிவிடும், தூக்கத்தைக் கெடுத்துக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆறரைக்கு மேலே ஏறினால் ஏழரைக்குக் கீழே இறங்கிவிடலாம். பிறந்தநாள் அன்றே பௌர்ணமி வராதே என்றால், அடுத்த பௌர்ணமிக்குத் தள்ளி வையுங்கள். பிள்ளை கோபித்துக்கொள்ளாது.

சட்டியில் துருவிய கேரட்டும் கொத்தமல்லியும் போட்ட குழைவான தயிர்சாதம், இன்னொன்றில் பாசிப்பருப்பும் நெய்யும் சேர்த்த சாதம். தாளிப்பில் காய்ந்த மிளகாயும் முழுக் கடலைப்பருப்பும் வேண்டாம். தொட்டுக்கொள்ள வேகவைத்துப் பொடியாக நறுக்கிய காய்கள். பெரியவர்களுக்குத் தனியாக ஊறுகாயும் வடகமும். வாழையிலையைக் கையகலத்துக்கு நறுக்கி வைத்துவிட்டால் கழுவுகிற வேலையும் மிச்சம். மாடிப்படியில் ஒருவர் காவலுக்கு உட்கார்ந்தே ஆக வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடி என்றால் வாசலே போதும்.

கேக் இல்லாமல் முடியாது என்று வீட்டில் பிடிவாதம் இருந்தால், ஓவன் வேண்டாத ஒன்று சொல்கிறேன். ஒரு கப் கேழ்வரகு மாவு, அரை கப் கோதுமை மாவு, அரை ஸ்பூன் சமையல் சோடா இவற்றைச் சேர்த்துச் சலித்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கனிந்த இரண்டு வாழைப்பழத்தை மசித்து, அரை கப் தயிர், கால் கப் எண்ணெய், கால் கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டிய அரை கப் வெல்லம் சேர்த்துக் கலக்கி, மாவோடு கட்டியில்லாமல் சேருங்கள். இட்லி மாவுப் பதம் வர வேண்டும், கெட்டியாக இருந்தால் கொஞ்சம் பால். எண்ணெய் தடவிய கிண்ணத்தில் முக்கால் அளவு ஊற்றி, தட்டால் மூடி, இட்லிப் பானையில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக வேகவிடுங்கள். குச்சி குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும். ஆறிய பிறகுதான் கவிழ்க்க வேண்டும், சூட்டில் உடையும். (என் முதல் கேக் உடைந்தது. உதிர்த்துப் புட்டு என்று பரிமாறினேன்.) மேலே பூசத் துணியில் கட்டித் தண்ணீர் வடிந்த கெட்டித் தயிரில் பேரீச்சம்பழ விழுதும், நிறத்துக்கு ஒரு ஸ்பூன் பீட்ரூட் சாறும். பீட்ரூட்டை மாவில் கலந்தால் வெந்ததும் பழுப்பாகிவிடும், அதனால் மேல்பூச்சுக்கு மட்டும். மறுநாள் சில பிள்ளைகளுக்குச் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போகலாம். பீட்ரூட்தான், பயப்பட வேண்டாம்.

இனிப்பே இல்லாமல் வேண்டுமென்றால் காஞ்சிபுரத்தைப் பாருங்கள். வரதராஜப் பெருமாள் கோயிலில் இட்லியை இலை வைத்த நீள் குடலையில் ஊற்றி வேகவைத்துத் துண்டு போடுகிறார்கள். பார்ப்பதற்கு அதுவும் ஒரு கேக்தான். நம் வீட்டில் ஒரு டம்ளரிலோ டிபன் பாக்ஸிலோ இட்லி மாவை ஊற்றி எடுத்து, மேலே ஒரு மெழுகுவத்தி குத்தினால் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. ஊதி அணைப்பதுதான் அதற்கு முக்கியம்.

அலங்காரத்தில் பலூனைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. வெடித்த ரப்பர் பலூனின் துண்டை வாயில் போட்டால் அது மூச்சுக்குழாயை மூடி போட்டதுபோல் அடைத்துவிடும், தட்டினாலும் சுலபத்தில் வராது. காகிதத் தோரணமும் மாவிலையும் கண்ணுக்கு இன்னும் அழகு. மினுங்கும் பலூன், பாட்டுப் பாடும் மெழுகுவத்தி, பேட்டரி விளக்கு இவற்றுக்குள் பொத்தான் அளவு பேட்டரி இருக்கும். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் பொசுக்கத் தொடங்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல், நேரே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். பஞ்சு மிட்டாய் வண்டியை வாசலில் நிறுத்துவது ஒரு காலத்து வழக்கம். துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் அதில் இருப்பது தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்தது.

மொட்டை, காது குத்து என்று முதல் பிறந்தநாளுக்கு முன்பே கோயிலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். பழனிப் பஞ்சாமிர்தத்தில் வாழைப்பழம், வெல்லம், நெய்யோடு தேனும் சேர்கிறது. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் விதைகள், ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். நரம்புகளைத் தளரவைத்து மூச்சையே நிறுத்தக்கூடிய நஞ்சு அது. அதனால் ஒரு வயது வரை தேனைத் தொட்டு நாக்கில் வைப்பதும் வேண்டாம், பிரசாதத்தை ஊட்டுவதும் வேண்டாம். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து அழுகிற பிள்ளையின் வாயில் யாராவது ஆசையாகத் திணிக்க வருவார்கள். தட்டை நீங்கள் வாங்கி, நெற்றியில் விபூதி மட்டும் வைக்கச் சொல்லுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், நினைத்தாலும் பரவாயில்லை.

பலகாரம் எதுவானாலும் கையைக் கழுவி, சுடச்சுடச் செய்து, இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பதுபோலப் பார்த்துக்கொள்ளுங்கள். நம் வெயிலுக்கு அதற்கு மேல் தாங்காது, தயிர் பூசிய கேக் அதற்குள்ளேயே குளிர்பெட்டியைத் தேடும்.

சமையலறைச் சுவரில் தொங்கும் காலண்டரில் அடுத்த பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்து ஒரு வட்டம் போட்டு வையுங்கள். அன்றைக்கு வீட்டில் யாருக்கும் பிறந்தநாளாக இருக்க வேண்டும் என்பதில்லை.